போர்க்களத்தில் நிற்காத ழான் மூலான் ஏன் பிரான்சுக்கு இவ்வளவு பெரிய வீரர்?

செவ்ரான்_வாசகி

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க்கால எதிர்ப்பு இயக்கத்தில் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேசச் சொல்லி மகளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், அவள் ழான் மூலானைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இங்கே எந்த ஊருக்குப் போனாலும் அவர் பெயரில் ஒரு தெருவோ பள்ளியோ இருக்கும், தொப்பியும் கழுத்துத் துண்டுமாகச் சுவரில் சாய்ந்து நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்களே இல்லை. அவளுக்கு உதவலாம் என்று நானும் வாசிக்கத் தொடங்கினேன்.

வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி விடாமல் நிற்கிறது. இந்த மனிதர் பாலம் எதையும் தகர்த்ததாகத் தெரியவில்லை, ரயிலைக் கவிழ்க்கவில்லை, காட்டில் படை நடத்தவில்லை. லண்டன் போனார், திரும்பி வந்தார், பணம் பங்கிட்டார், கூட்டம் கூட்டினார், ஒன்றரை வருடத்தில் பிடிபட்டு இறந்துபோனார். ஆயுதம் ஏந்தி உயிர் விட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது ஏன் இவரை எல்லோருக்கும் மேலே வைக்கிறார்கள்? குறை சொல்லக் கேட்கவில்லை, உண்மையாகவே புரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். மகள் கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, அந்தக் கழுத்துத் துண்டு தொண்டையில் இருந்த வெட்டுக்காயத்தை மறைக்கத்தான் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது சரிதானா?

லியோன்_மாணவன்

அக்கா, சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் படம் மோன்பெலியேயில் அவருடைய பால்ய நண்பர் எடுத்தது, 1940 ஜூனுக்கு முன்பே எடுத்தது. கழுத்து வெட்டுப்பட்டது 1940 ஜூனில்தான். அதனால் படத்தில் துண்டுக்கு அடியில் காயம் எதுவும் இல்லை, குளிருக்குக் கட்டியது. மகள் இதைத் தெளிவாகச் சொன்னால் ஆசிரியரே கவனிப்பார்.

ஆனால் அந்தக் காயத்தின் கதையில்தான் உங்கள் பெரிய கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

1940 ஜூனில் மூலான் ஷார்த்ர் நகரத்தில் பிரெஃபே, அதாவது நம் ஊர்க் கலெக்டர் மாதிரி ஒரு பதவி. வயது நாற்பது. ஜெர்மன் படை நெருங்குகிறது என்றதும் ஊரில் பாதிக்கு மேல் காலி, மிச்சமிருப்பவர்களுக்கு ரொட்டிக்கும் தண்ணீருக்கும் வழி பார்த்துக்கொண்டு அவர் அங்கேயே இருக்கிறார். 17ஆம் தேதி ஜெர்மானியர்கள் உள்ளே வந்தார்கள். அன்று மாலையே அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தாளை நீட்டினார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த செனகல் சிப்பாய்கள் பின்வாங்கும்போது பெண்களையும் குழந்தைகளையும் கெடுத்துக் கொன்றார்கள் என்று அதில் எழுதியிருந்தது, கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆதாரம் எங்கே என்று கேட்டார். பக்கத்துக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சிதைந்து கிடந்த உடல்களைக் காட்டினார்கள். அவை குண்டு விழுந்து செத்தவர்களின் உடல்கள் என்பது பார்த்த உடனே தெரிந்துவிட்டது, சொல்லியும் விட்டார். அதற்கப்புறம் மணிக்கணக்காக அடி. கையெழுத்துப் போடவில்லை.

ராத்திரி அவரை ஆஸ்பத்திரியின் வாயிற்காவலர் அறையில் பிடிபட்ட ஒரு செனகல் சிப்பாயோடு சேர்த்துப் பூட்டினார்கள். "உனக்குக் கறுப்பர்கள் மேல் இவ்வளவு பாசமா, அவர்களோடேயே படு" என்கிற எண்ணம் அவர்களுக்கு. அந்தச் சிப்பாய் இருந்த ஒரே மெத்தையை இவருக்கு விட்டுக்கொடுத்தார். விடிந்தால் மறுபடி அடி விழும், இந்த முறை உடம்பு தாங்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவோமோ என்ற பயம் இவருக்கு. குண்டு வெடித்ததில் ஜன்னல் கண்ணாடி உடைந்து தரையில் சிதறிக் கிடந்தது. அதில் ஒரு துண்டை எடுத்துத் தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். காலையில் காவலாளிகள் பார்த்து, வைத்தியம் செய்து, பிழைத்துவிட்டார். இதையெல்லாம் அவரே பிறகு எழுதி வைத்தார், போர் முடிந்து 1947இல் அது அச்சானது.

இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள் அக்கா. போரைத் தொடருங்கள் என்று பிரெஞ்சு ஜெனரல் தெ கோல் லண்டன் வானொலியில் பேசியது 18ஆம் தேதி. இது அதற்கு முந்தைய இரவு. எதிர்ப்பு இயக்கம் என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை, இவரைப் பார்க்க யாரும் இல்லை, கையெழுத்துப் போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதும் இல்லை. அந்தச் சிப்பாய்களை அவருக்கு முன்பின் தெரியாது. முன்பின் தெரியாத ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் மானத்துக்காக ஒரு பிரெஞ்சு அதிகாரி தன் கழுத்தை அறுத்துக்கொண்டார். அந்த ஜூன் மாதம் ஜெர்மன் படை கறுப்பினச் சிப்பாய்களைப் பல இடங்களில் சரணடைந்த பிறகும் நிற்கவைத்துச் சுட்டது. எங்கள் லியோனுக்குப் பக்கத்தில் ஷாஸ்லே என்ற ஊரில் அவர்களுக்காகவே ஒரு இடுகாடு இருக்கிறது, சுற்றுச்சுவர் எல்லாம் ஆப்பிரிக்க மண்வீடுகளின் சிவப்பு நிறத்தில். அந்த மாதிரிக் கொலைகளுக்கு நியாயம் கற்பிக்கத்தான் ஷார்த்ரில் அவரிடம் கையெழுத்துக் கேட்டார்கள் என்பது என் எண்ணம். இதைவிடப் பெரிய சண்டை எது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, கூட்டம் கூட்டிய கதைக்கு இன்னொரு பதிவில் வருகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

மலையோரம்

லியோன் நண்பர் சொன்னதில் ஒரு வரியையும் மறுக்க மாட்டேன். ஆனால் வாசகி கேட்ட கேள்வியை இவ்வளவு சுலபமாக மூடிவிடக் கூடாது என்று தோன்றுகிறது, அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஒருவரை நாட்டுக்கே அடையாளமாக வைக்கும்போது மற்றவர்கள் நிழலுக்குப் போய்விடுகிறார்கள். நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாரிஸ் நினைவாலயமான பாந்தியோனுக்குள் மூலானின் சாம்பல் போனது 1964 டிசம்பர் 19. அப்போது தெ கோல்தான் ஜனாதிபதி. தெ கோலின் பிரதிநிதியாக வந்தவரை மொத்த எதிர்ப்பு இயக்கத்துக்கும் முகமாக வைத்தது அவருடைய அரசியலுக்கும் வசதி. அதே பாந்தியோனுக்குள் ஆர்மீனிய அகதியான மிசாக் மனூஷியான் போனது 2024 பிப்ரவரியில்தான். பாரிஸில் ஜெர்மன் அதிகாரிகளைத் துப்பாக்கியோடு எதிர்கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கி, 1944 பிப்ரவரி 21 அன்று தோழர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். உள்ளே போக எண்பது வருடம் ஆகியிருக்கிறது. வெளிநாட்டவர், கம்யூனிஸ்ட் என்பதைத் தவிர அந்தத் தாமதத்துக்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலைக்காகப் போராடியவர்களுக்குத் தெ கோல் ஏற்படுத்திய மிக உயர்ந்த பதக்கத்தைப் பெற்றவர்கள் 1038 பேர். அதில் பெண்கள் ஆறே ஆறு பேர். தகவல் கொண்டுபோனது, ஆளை ஒளித்து வைத்தது, வானொலிக் கருவியைக் காய்கறிக் கூடையில் போட்டுத் தூக்கிப்போனது, இதையெல்லாம் செய்தவர்களில் எத்தனை பெண்கள்! மூலானோடு பிடிபட்ட ரேமோன் ஓப்ராக்கை 1943 அக்டோபரில் லியோன் தெருவில் ஜெர்மன் வண்டியைத் தாக்கி மீட்டது அவர் மனைவி லூசியின் திட்டம். அப்போது லூசி கர்ப்பிணி. வாசகியின் மகள் மூலானைப் பற்றிப் பேசட்டும், ஆனால் இந்தப் பெயர்களில் ஒன்றிரண்டையும் சேர்த்துச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்.

பழைய_தபால்தலை

மலையோரம் அவர்களே, 1964 விழாவில் அரசியல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூலானை வீரராக ஆக்கியதே அந்த விழாதான் என்று போக முடியாது. 1957இல் பிரெஞ்சுத் தபால்துறை எதிர்ப்பு இயக்க வீரர்கள் என்று ஒரு வரிசையைத் தொடங்கியது, முதல் தொகுப்பிலேயே மூலான் இருக்கிறார். என்னிடம் அந்தத் தபால்தலை இருக்கிறது. அப்போது தெ கோல் ஆட்சியில் இல்லை, கொலோம்பே கிராமத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மூலானின் பெயரை உயிரோடு வைத்திருந்தது அரசாங்கத்தைவிட இரண்டு மனிதர்கள். ஒருவர் அக்கா லோர் மூலான். இன்னொருவர் செயலாளராக இருந்த தானியேல் கோர்தியே. இவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் எழுதுகிறேன்.

கோர்தியே முடியாட்சி ஆதரவாளர் குடும்பத்துப் பையன், தீவிர வலதுசாரியாகத்தான் வளர்ந்தவர். 1940இல் பிரதமரான மார்ஷல் பெத்தேன் ஜெர்மனியிடம் சரணடைந்தது பொறுக்காமல் பத்தொன்பது வயதில் கப்பலேறி இங்கிலாந்து போனார். 1942 ஜூலையில் பாராசூட்டில் குதித்து லியோன் வந்து சேர்ந்தவரை மூலான் தன் செயலாளராக வைத்துக்கொண்டார். அப்புறம் ஏறக்குறைய ஒரு வருடம் தினமும் காலையில் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பார், ரகசியக் குறியீட்டை உடைத்துப் படித்துக் காட்டுவார், பணத்தை எடுத்துப் போவார். அந்தக் காலம் முழுக்கத் தன் முதலாளியின் உண்மைப் பெயர் அவருக்குத் தெரியாது! 'ரெக்ஸ்' என்று மட்டும்தான் தெரியும். உணவகத்தில் யாராவது பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்தால் மூலான் அந்த நிமிடமே பேச்சை நவீன ஓவியத்துக்கு மாற்றிவிடுவாராம். அவர் ஓவியம் வரைபவர், நீஸ் நகரத்தில் கலைக்கூடம் ஒன்று திறந்து அதையே மறைவாக வைத்துக்கொண்டவர், அதனால் பேச்சு இயல்பாகவே இருக்கும். ஒரு நாள் உங்களுக்கு இந்த ஓவியங்களையெல்லாம் காட்டுகிறேன் என்ற ரீதியில் அந்த இளைஞனிடம் சொல்லிக்கொண்டிருந்தவர் திரும்பி வரவே இல்லை. பிற்பாடுதான் அந்த 'ரெக்ஸ்' யார் என்று கோர்தியேக்குத் தெரிந்தது.

கோர்தியே பிற்பாடு ஓவிய வணிகராகி, பெரிய சேகரிப்பாளராகி, அதைப் பாரிஸின் நவீனக் கலை அருங்காட்சியகமான பொம்பிடு மையத்துக்குக் கொடுத்தார். 1977இல் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் மூலான் மறைமுகக் கம்யூனிஸ்ட் என்று பழைய இயக்கத் தலைவர் ஒருவரே சொன்னதைக் கேட்டு, ஆவணக் காப்பகங்களுக்குள் போய் உட்கார்ந்தார். மிச்ச வாழ்நாளில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. தன் நினைவை மட்டும் நம்பாமல் தந்தி தந்தியாக, கடிதம் கடிதமாக எடுத்து வைத்துப் பதில் சொன்னார். 2020 நவம்பரில் நூறு வயதில் இறந்தார். பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் ஒரு வருடம் வேலை பார்த்து, அவருக்காக இத்தனை ஆண்டுகளைக் கொடுப்பது என்றால், அந்த முதலாளி எப்படிப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்.

லியோன்_மாணவன்

மிச்சத்தை எழுதுகிறேன். வாசகி அக்கா "கூட்டம் கூட்டினார், பணம் பங்கிட்டார்" என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா, அதுதான் அவர் சாதனையே.

1941 வாக்கில் பிரான்சின் தெற்குப் பகுதியில் எதிர்ப்பு இயக்கங்கள் தனித்தனியாக முளைத்துவிட்டன. கொம்பா, லிபெராசியோன், ஃப்ரான்-திரேர் ஆகிய மூன்றும் பெரியவை. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிப் பத்திரிகை, மற்றவர்கள் மேல் சந்தேகம். மூலான் கள்ளப் பாஸ்போர்ட்டில் ஸ்பெயின், லிஸ்பன் வழியாக லண்டன் போய்த் தெ கோலைப் பார்த்தது 1941 அக்டோபரில். 1942 ஜனவரி முதல் தேதி நள்ளிரவு தாண்டிப் பாராசூட்டில் திரும்பக் குதித்தார், தெ கோலின் உத்தரவு சின்னப் படச்சுருளாகத் தீப்பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அந்தத் தீப்பெட்டியை வைத்துக்கொண்டு, உயிரைப் பணயம் வைத்து இயக்கம் கட்டியவர்களிடம் போய், இனிமேல் நீங்கள் எல்லோரும் ஒன்றாகச் சேருங்கள், ஆயுதப் பிரிவை ஒரே தளபதியிடம் விடுங்கள் என்று சொல்ல வேண்டும். யார் ஒத்துக்கொள்வார்கள்? கோபப்பட்டார்கள், முகத்துக்கு நேரே திட்டினார்கள், கொம்பா தலைவர் அன்ரி ஃப்ரெனே கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. லண்டன் பணமும் வானொலிக் கருவிகளும் இவர் கை வழியாக வந்ததால் தட்டிக் கழிக்கவும் முடியவில்லை. ஒரு வருட இழுபறிக்குப் பிறகு 1943 ஜனவரியில் மூன்றும் இணைந்தன.

அதைவிடக் கஷ்டமானது அடுத்தது. 1943 மே 27, பாரிஸ், ரூ து ஃபூர் தெருவில் 48ஆம் எண் வீடு. எட்டு இயக்கங்கள், ஆறு அரசியல் கட்சிகள், இரண்டு தொழிற்சங்கங்கள், இவற்றின் பிரதிநிதிகள் ஒரே அறையில், எதிர்ப்பு இயக்கத்தின் தேசிய மன்றம் என்ற பெயரில் முதல் முறையாகக் கூடினார்கள். கம்யூனிஸ்டும் இருக்கிறார், பழைய வலதுசாரியும் இருக்கிறார். அவர்களில் ஒருவரை ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பின்தொடர்ந்திருந்தாலும் மொத்த எதிர்ப்பு இயக்கத்தின் தலையும் அன்றைக்கே போயிருக்கும். மூலான் தலைமை தாங்கினார், தெ கோலின் செய்தியைப் படித்தார், தெ கோலையே தலைவராக ஏற்கிறோம் என்று முடிவானது. அந்தச் சமயத்தில் அமெரிக்கா தெ கோலை ஒதுக்கிவிட்டு ஜெனரல் ஜிரோவை முன்னிறுத்திக்கொண்டிருந்தது. பிரான்சுக்குள்ளிருந்தே எல்லாத் தரப்பும் ஒரே குரலில் பேசியதால் அந்தக் கணக்கு மாறியது. போர் முடிந்ததும் பிரான்சை அமெரிக்க ராணுவ நிர்வாகம் ஆளவில்லை என்றால், அதற்கு அந்த அறைக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

அதே மன்றம்தான் 1944 மார்ச்சில் ஒரு வேலைத்திட்டம் வெளியிட்டது, எல்லோருக்கும் சமூகப் பாதுகாப்பு என்பது அதில் ஒன்று. மூலான் அப்போது உயிரோடு இல்லை, திட்டம் அவர் எழுதியதும் இல்லை. ஆனாலும் உங்கள் பையில் இருக்கும் அந்தப் பச்சை மருத்துவக் காப்பீட்டு அட்டையின், கார்த் வித்தாலின் வேரைத் தேடிப் போனால் அவர் உருவாக்கிய மன்றத்தில்தான் போய் நிற்கும். மகளுடைய வகுப்பில் இருக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

செவ்ரான்_வாசகி

இவ்வளவு எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. செனகல் சிப்பாய்களின் கதையை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் வகுப்பில் மாலி, செனகல் பிள்ளைகள் நிறையப் பேர், அதிலிருந்துதான் தொடங்குவேன் என்று சொல்லிவிட்டாள். லூசி ஓப்ராக்கையும் சேர்ப்பாள்.

அவரைக் காட்டிக்கொடுத்தது யார் என்று உறுதியாகத் தெரியுமா? அப்புறம், அவர் வாய் திறக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள், உள்ளே நடந்தது யாருக்குத் தெரியும்?

லியோன்_மாணவன்

கலுயிர், லியோனை ஒட்டிய மேட்டுப் பகுதி. 1943 ஜூன் 21, பிற்பகல், ஒரு மருத்துவர் வீட்டில் கூட்டம். இயக்கங்களின் ஆயுதப் பிரிவான ரகசியப் படையின் தளபதி தெலெஸ்த்ரேன் பாரிஸில் பிடிபட்டுவிட்டார், அவர் இடத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மூலான் நேரம் தவறாதவர், அன்றைக்குத் தாமதமாக வந்தார். தாமதமாக வந்ததால் வேலைக்காரப் பெண் அவரையும் கூட வந்தவர்களையும் நோயாளிகள் என்று நினைத்துக் காத்திருப்பு அறையில் உட்காரவைத்துவிட்டார், மற்றவர்கள் மாடியில். கொஞ்ச நேரத்தில் கெஸ்டபோ.

அந்தக் கூட்டத்துக்கு ரெனே ஆர்தி என்பவர் அழைப்பில்லாமல் வந்திருந்தார். அவர் சில நாட்களுக்கு முன் ரயிலில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு விடுவிக்கப்பட்டவர், அதைத் தோழர்களிடம் மறைத்திருந்தார். மற்ற எல்லோருக்கும் விலங்கு, அவர் மட்டும் ஓடித் தப்பித்தார். 1947இலும் 1950இலும் வழக்கு நடந்தது, இரண்டு முறையும் விடுதலை, இரண்டாவது முறை ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அவ்வளவுதான். மகள் பேசும்போது "இவர்தான் காட்டிக்கொடுத்தார்" என்று அடித்துச் சொல்ல வேண்டாம், சந்தேகம் அவர் மேல் விழுந்தது, நிரூபணமாகவில்லை என்று சொன்னால் போதும்.

உள்ளே நடந்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள். கிறிஸ்தியான் பினோ என்பவர் அப்போது மோன்லுக் சிறையில் கள்ளப் பெயரில் கைதி, சிறைக்குள் சவரம் செய்யும் வேலையும் பார்த்தார். பின்னாளில் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ஆனவர். 24ஆம் தேதி மாலை ஒரு ஜெர்மன் சிப்பாய் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போய், பெஞ்சில் கிடந்த ஒருவருக்குச் சவரம் செய்யச் சொன்னான். நினைவில்லாத மனிதர், கண்கள் உள்ளே போய், நெற்றிப்பொட்டில் நீலம் பாரித்த காயம், வீங்கிய உதடுகளுக்கு இடையே முனகல். உற்றுப் பார்த்தால் 'மாக்ஸ்'. மூலானுக்கு அப்போது அந்தப் பெயர். சோப்பும் தண்ணீரும் கேட்டு வாங்கி, காயத்தில் படாமல் மெதுவாகச் சவரம் செய்தார் பினோ. ஒரு தடவை கண் திறந்து தண்ணீர் கேட்டார். சவரக் குவளையைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, இரண்டு மூன்று மடக்குக் குடித்து மறுபடி நினைவிழந்தார். அவ்வளவுதான் பார்த்தது.

வாய் திறக்கவில்லை என்பதற்குப் பெரிய ஆதாரம் பிறகு நடக்காத விஷயங்கள்தான். ரூ து ஃபூர் அறையில் இருந்த அத்தனை பேரும் அவருக்குத் தெரியும். செயலாளர், வானொலி ஆட்கள், பணம் இருக்கும் இடம், எல்லாம் அவர் தலைக்குள். கைதுக்குப் பிறகும் மன்றம் தொடர்ந்து இயங்கியது, கோர்தியே பிழைத்து நூறு வயது வாழ்ந்தார். மூலான் ஜூலை 8 அன்று ஜெர்மனிக்குப் போகும் ரயிலில், மெட்ஸ் பக்கம் இறந்ததாகப் பதிவு. வயது நாற்பத்து நான்கு. பாந்தியோனில் இருப்பதும் அவருடையதாக இருக்கலாம் என்று கருதப்படும் சாம்பல்தான்.

மலையோரம்

மூலானைச் சித்திரவதை செய்த லியோன் கெஸ்டபோ அதிகாரி க்ளவுஸ் பார்பி என்ன ஆனான் என்பதையும் எழுதிவிடுகிறேன், இது சொல்லாமல் விடக்கூடாத பகுதி. போருக்குப் பின் அமெரிக்க உளவுத்துறை அவனை வேலைக்கு வைத்துக்கொண்டது, பிறகு பொலிவியாவுக்குத் தப்ப வைத்தது. அங்கே வேறு பெயரில் முப்பது வருடம் நிம்மதியாக இருந்தான். நாஜிகளைத் தேடிப் பிடிக்கும் பெயாத், செர்ஜ் க்லார்ஸ்ஃபெல்ட் தம்பதியின் விடாப்பிடியால் 1983இல் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டான்.

1987 லியோன் வழக்கில் மூலானின் மரணம் குற்றச்சாட்டாகவே இல்லை. போர்க்குற்றங்களுக்குக் காலவரம்பு முடிந்திருந்தது. மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது என்ற சட்டம் மட்டும் கையில் இருந்தது. இசியூ என்ற ஊரில் இருந்த 44 யூதக் குழந்தைகளைப் பிடித்து அனுப்பியது உள்ளிட்ட குற்றங்களுக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தச் சட்டம் நிறைவேறிய தேதி 1964 டிசம்பர் 26, மூலானின் சாம்பல் பாந்தியோனுக்குப் போய் ஒரே வாரம்.

பழைய_தபால்தலை

வாசகி, மகளைக் கூட்டிக்கொண்டு டான்ஃபேர்-ரோஷெரோவில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். பாரிஸ் விடுதலை, ஜெனரல் லெக்லேர், ழான் மூலான் ஆகிய மூன்றின் பெயரிலும் ஒரே இடமாக இருக்கிறது, கட்டாக்கோம்ப் வாசலுக்கு எதிரே. செவ்ரானிலிருந்து RER B ரயில் மாறாமல் கொண்டுபோய் விடும். நிரந்தரக் கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை.